திருஷ்டி கழிக்கும்போது இரண்டாவது பிள்ளைக்கு ஏன் நெட்டி விழுவதில்லை?

மல்லிச்செடி (இழையைத் தொடங்கியவர்)

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். வீட்டில் மூன்று நாளாகப் பஞ்சாயத்து ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். மாமியார் வழக்கம்போலப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, பெரியவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். படபடவென்று ஏழெட்டு நெட்டி. "பாரு, எத்தனை கண்ணு எம்புள்ள மேல!" என்றார். அடுத்து சின்னவன். அதே வழிப்பு, அதே அழுத்தல். சத்தமே இல்லை. மறுபடி முயன்றதில் சுண்டுவிரலில் பேருக்கு ஒன்று.

அவனுக்கு ஆறு வயது. அப்பத்தா கையைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான். "அப்ப என்னைய யாருமே பாக்கலையா?" என்று அழ ஆரம்பித்துவிட்டான். புது வேட்டி சட்டை போட்டுக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தவன், பாவம்.

விரலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? முதல் பிள்ளைக்கு வந்தது இரண்டாவதுக்கு ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

கோலிசோடா

எலும்பும் எலும்பும் உரசும் சத்தம். மாமியாரிடம் அடிக்கடி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், தேய்ந்துவிடும்.

---

பிசியோ_தம்பி

எலும்பு உரசுவதில்லை அண்ணே. பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், வாரத்துக்கு நான்கு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

விரல் மூட்டு ஒரு மூடிய பை மாதிரி. உள்ளே இரண்டு எலும்பு முனைகள், அவற்றின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு, நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில் கொஞ்சம் திரவம். கொஞ்சம் என்றால் சில சொட்டு. அந்தத் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது, முக்கியமாகக் கரியமில வாயு. விரலை இழுத்தாலோ அளவுக்கு மேல் மடக்கினாலோ எலும்பு முனைகள் சற்று விலகும், பைக்குள் அழுத்தம் சட்டென்று குறையும். கரைந்திருந்த வாயு குமிழாக வெளியே வரும். அந்த நொடியில் கேட்பதுதான் நெட்டி.

அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வந்த வாயு மறுபடி திரவத்தில் கரைய நேரம் பிடிக்கும். சுமார் 20 நிமிடம். அதுவரை அந்த மூட்டில் எவ்வளவு அழுத்தினாலும் நெட்டி விழாது. உங்கள் மாமியார் எல்லா நெட்டியையும் பெரியவளுக்கே செலவழித்துவிட்டார். சின்னவனுக்கு வந்த அந்த ஒன்று, முதல் சுற்றில் தப்பிய விரல்.

---

கோலிசோடா

அப்படியென்றால் என் பெயரே பதில்! சோடா மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து நுரைத்துக்கொண்டு வருவது போலத்தானே?

---

பிசியோ_தம்பி

பாதி சரி. சோடாவில் சிறுசிறு குமிழாக வந்துகொண்டே இருக்கும், மூட்டில் ஒரே வெட்டு. ஈரமான இரண்டு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? வராது, வராது, திடீரென்று 'ப்ளக்'. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

---

பழைய_ரேடியோ

தம்பி சொன்னதில் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை.

1947இல் இங்கிலாந்தில் ராஸ்டன், ஹெய்ன்ஸ் என்ற இருவர் விரலை இழுத்துக்கொண்டே எக்ஸ்ரே எடுத்தார்கள். இழுக்க இழுக்க எலும்புகளுக்கு நடுவே பெரிதாக மாற்றமில்லை. ஒரு கட்டத்தில் நெட்டி விழுந்தது, அதே சமயம் இடைவெளி சட்டென்று கூடியது. ஆகவே குமிழ் உருவாகும்போதுதான் சத்தம் என்றார்கள்.

1971இல் லீட்ஸ் நகரில் அன்ஸ்வொர்த் குழு இதையே மறுபடி ஆராய்ந்து, சத்தம் குமிழ் உருவாகும்போது அல்ல, உருவான குமிழ் நொறுங்கும்போது என்றது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பாடப் புத்தகங்களில் இந்தக் கட்சிதான் ஆட்சி.

2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காச்சக் குழு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஒருவரின் விரல்களை ஒவ்வொன்றாக ஒரு குழாயில் மாட்டி இழுத்துப் படமெடுத்தார்கள். ஒரே ஆள், பத்து மூட்டு. சத்தம் வரும்போது மூட்டுத் திரவத்துக்குள் ஒரு குமிழ் உருவாகிறது, சத்தம் வந்த பிறகும் அது அப்படியே இருக்கிறது. குமிழ் நொறுங்கியதால் வந்த சத்தம் என்றால் அது எப்படி மிஞ்சியிருக்கும்? ஆக, 1947 கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தது. முழு நிகழ்ச்சியும் 310 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் 2018. பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது வகுப்பில் உட்கார்ந்து விரல் நெட்டி முறித்துக்கொண்டிருந்த வினீத் சந்திரன் சுஜா என்ற மாணவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவரும் அவருடைய ஆசிரியர் அப்துல் பரக்கத்தும் கணிதச் சமன்பாடு போட்டுப் பார்த்தார்கள். குமிழ் முழுக்க நொறுங்க வேண்டியதில்லை, பாதி நொறுங்கினாலே இந்தச் சத்தம் வரும், மிச்சக் குமிழ் உள்ளே தங்கும் என்றார்கள். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது அந்த மிச்சம்தான் என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு கூட்டணி.

வகுப்பில் நெட்டி முறித்ததற்கு எங்கள் வாத்தியாரிடம் நான் வாங்கியது பிரம்படிதான்.

---

தறி_நாடா

20 நிமிடக் கணக்கை நம்பாமல் நேற்று ராத்திரி நானே சோதித்தேன். வலது கை நடுவிரல், அடிக்கணு. செல்போனில் நேரம் வைத்துக்கொண்டேன். முதல் நெட்டி அருமையாக விழுந்தது. 5 நிமிடம், இல்லை. 10, இல்லை. 15இல் லேசாக ஏதோ நகர்ந்தது, சத்தமில்லை. 23ஆவது நிமிடம் 'டக்'. இரண்டாவது சுற்று 19இல் விழுந்தது. மூன்றாவது சுற்றுக்குள் வீட்டுக்காரி விளக்கை அணைத்துவிட்டாள்.

கவனித்த இன்னொன்று: நெட்டி விழுந்த உடனே அந்த விரல் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது. என் பிரமையா?

---

பிசியோ_தம்பி

பிரமை இல்லை. நெட்டி விழுந்த கையோடு அந்த மூட்டின் அசைவு கொஞ்சம் கூடுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இறுக்கம் விட்ட மாதிரி ஒரு சுகம், அதனால்தான் பலருக்கு இது பழக்கமாகிவிடுகிறது. கணினி முன்னால் உட்காருகிறவர்களைக் கவனியுங்கள், வேலை முடிந்தால் நெட்டி, வேலை ஓடாவிட்டாலும் நெட்டி.

---

வட்டக்கச்சி

எங்கட பக்கம் இதை நாவூறு கழிக்கிறது எண்டு சொல்லுவம். அம்மம்மா செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டிட்டு கடைசியாத்தான் நெட்டி முறிப்பா. மிளகாய் அடுப்பில காறேல்லை எண்டாலும் நாவூறு, நெட்டி கனக்க விழுந்தாலும் நாவூறு. தப்பிறதுக்கு வழியே இல்லை.

ஒரு சந்தேகம். சிலருக்கு எவ்வளவு முறிச்சாலும் சத்தமே வராது. என்ர மனுசிக்கு இண்டைக்கு வரைக்கும் ஒண்டுகூட விழுந்ததில்லை. ஏன்?

---

பிசியோ_தம்பி

மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. எலும்பு முனைகளுக்கு நடுவே இடைவெளி இயல்பாகவே அதிகம் இருந்தால், இழுத்தாலும் அழுத்தம் அப்படிச் சட்டென்று விழாது, குமிழும் வராது. அது குறையில்லை.

---

கேள்விக்குறி77

எல்லாம் சரி. இவ்வளவு தெளிவாக வாயு, குமிழ் என்று தெரிந்த பிறகும் பிள்ளைகளிடம் "எத்தனை கண்ணு பார்" என்று சொல்லிக்கொண்டிருப்பது மூடநம்பிக்கை இல்லையா? அந்தப் பையன் அழுததற்குக் காரணமே அதுதான். திருஷ்டி கழிப்பதையே நிறுத்தச் சொல்லுங்கள்.

---

சந்தனக்கட்டை

உங்கள் வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டி பேரன் முகத்தைத் தடவுவதற்கும் ஆராய்ச்சி அனுமதி வேண்டுமா?

---

கேள்விக்குறி77

தடவுவதைச் சொல்லவில்லை. எண்ணிக்கையைச் சொன்னேன். அந்த எண்ணிக்கை பாட்டியின் மூட்டைப் பற்றியது, பிள்ளையைப் பற்றியது இல்லை.

---

மட்டுறுத்துநர்

இருவரும் இத்துடன். மல்லிச்செடி கேட்டது விரலைப் பற்றி. நாத்திகம் ஆத்திகம் பேசத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே 412 பதிவு ஓடிவிட்டது.

---

மாலையில்_மழை

எனக்கு உண்மையான பயம் ஒன்று. நாளைக்கு ஐந்தாறு தடவையாவது நெட்டி முறிப்பேன். பிற்காலத்தில் மூட்டுவாதம் வரும், விரல் முண்டுமுண்டாகிவிடும் என்று அம்மாவும் பெரியம்மாவும் மாமியாரும் மாறிமாறிச் சொல்கிறார்கள்.

---

பழைய_ரேடியோ

அம்மா, பெரியம்மா, மாமியார்! அம்மணி, உங்களுக்கென்றே ஒருவர் அமெரிக்காவில் இருந்தார்.

டொனால்டு அங்கர் என்ற மருத்துவர், கலிபோர்னியாக்காரர். அவருக்கும் சின்ன வயதில் அம்மா, அத்தை சித்திமார், பிற்பாடு மாமியார் என்று எல்லோரும் இதையே சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? இடது கை விரல்களை மட்டும் தினம் இரண்டு தடவையாவது நெட்டி முறித்தார். வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவைத்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஐம்பது வருடம்! இடது கையில் குறைந்தது 36,500 தடவை என்று அவரே கணக்குப் போட்டு, 1998இல் மூட்டுவாத மருத்துவர்களின் இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை, இரண்டு கைக்கும் வித்தியாசமும் இல்லை. 2009இல் அவருக்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது.

---

கேள்விக்குறி77

ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு சொல்ல முடியாது ஐயா. அவருக்கு மூட்டுவாதம் வராத உடம்பாக இருந்திருக்கலாம்.

---

பழைய_ரேடியோ

நியாயம். கடிதம் எழுதிய அவரே ஒரு ஆள் கணக்கு போதாது என்று ஒப்புக்கொண்டவர்தான். அதனால் 1990இல் 300 பேரிடம் நடந்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். நெட்டி முறிப்பவர்களுக்கு மூட்டுவாதம் கூடுதலாக இல்லை. ஆனால் சிலருக்குக் கை வீக்கமும் பிடிமானக் குறைவும் இருப்பதாக அதில் வந்தது. மாலையில்_மழை அம்மாவின் கட்சிக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

---

பிசியோ_தம்பி

அந்த வீக்கமும் பிடிமானக் குறைவும் 2017இல் கலிபோர்னியாவில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்த ஆய்வில் தென்படவில்லை. முறிக்கிறவர்களும் முறிக்காதவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

மாலையில்_மழை அக்காவிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வலிக்கிறதா? வலி இல்லை, வீக்கம் இல்லை என்றால் விடுங்கள். நெட்டி விழும்போது வலித்தாலோ, விரல் காலையில் விறைத்துப்போய் நீட்ட வராமல் இருந்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ அது நெட்டியால் வந்ததில்லை. வேறு காரணம் இருக்கும், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

---

கோலிசோடா

மாடிப்படி ஏறும்போது என் முழங்கால் கரகரக்கிறதே, அதுவும் வாயுவா?

---

பிசியோ_தம்பி

ஒவ்வொரு படிக்கும் சத்தம் வந்தால் வாயு இல்லை. வாயு என்றால் 20 நிமிடம் ஓய்வு கேட்குமே. அது தசைநார் எலும்பு மேட்டில் ஏறி இறங்குவதாக இருக்கலாம், முழங்கால் சில்லுக்கு அடியில் சொரசொரப்பாக இருக்கலாம். வலியில்லாத கரகரப்பு பெரும்பாலோருக்கு உண்டு.

---

தறி_நாடா

கழுத்து நெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊர் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையில் நான்கு தட்டு தட்டி, தாடையையும் பிடரியையும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சடக், அந்தப் பக்கம் ஒரு சடக். சொர்க்கம்.

---

பிசியோ_தம்பி

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். விரலையும் கழுத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கழுத்தெலும்பின் இரண்டு பக்கமும் துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஏறிப்போகிறது. எலும்புக்குள் சிக்கி ஓடுகிற குழாய், தலையை வெட்டித் திருப்பினால் அதுவும் முறுக்கிக்கொள்ளும். அரிதாக அதன் உள்சுவர் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இளம் வயதுக்காரர்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு என்னிடம் பயிற்சிக்கு வந்தவர் முப்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர். சலூன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது பின்கழுத்தில் இதுவரை வராத ஒரு வலி, நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தூக்கமில்லாததால் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் டம்ளரைப் பிடிக்கக் கை சொன்னபடி கேட்கவில்லை. என்னிடம் வந்தபோது சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானுக்கு மூன்று நிமிடம். இப்போது வண்டி ஓட்டுகிறார், ஆனால் எட்டு மாதம் போனது.

கழுத்தைத் திருப்பியபின் புதுசாகத் தலைவலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, எது வந்தாலும் படுத்துத் தூங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடி வெட்டுகிறவரிடம் "கழுத்து வேண்டாம்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

---

தறி_நாடா

நான் கழுத்தைத் தடவிக்கொண்டே இதைப் படித்தேன். சரி, இனிமேல் தட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

சந்தனக்கட்டை

நான் சண்டைக்கு வரவில்லை, ஒரு சொல் சந்தேகம். எங்கள் வீட்டில் இதைச் 'சொடக்கு எடுப்பது' என்போம். விரலைத் தேய்த்துத் தாளம் போடுவதும் சொடக்குதான். இரண்டும் ஒன்றா?

---

பழைய_ரேடியோ

எடுத்தால் ஒன்று, போட்டால் வேறு. சொடக்கு எடுப்பது மூட்டுக்குள் நடப்பது. சொடக்குப் போடும்போது நடுவிரல் கட்டைவிரலிலிருந்து வழுக்கிப்போய் உள்ளங்கையின் அடிமேட்டில் அடிக்கிறது, சத்தம் அந்த அடியில்தான். 2021இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சாத் பாம்லா குழு இதை அதிவேகக் கேமராவில் எடுத்தார்கள். 7 மில்லி நொடியில் முடிந்துவிடுகிறது. கண் சிமிட்டவே 150 மில்லி நொடிக்கு மேல் ஆகும். 'கண் இமைக்கும் நேரம்' என்று எழுதுகிற கதாசிரியர்கள் இனி 'சொடக்குப் போடும் நேரம்' என்று எழுதலாம், இருபது மடங்கு வேகம்.

விரலில் உலோக உறை மாட்டிக்கொண்டு போட்டுப் பார்த்தார்களாம், எடுபடவில்லை. தோலின் உராய்வு அந்த அளவில் இருந்தால்தான் விசை சேர்ந்து விடுபடுகிறது. எண்ணெய்க் கையோடு சொடக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

---

கோலிசோடா

போட்டுப் பார்த்தேன். பஜ்ஜி சாப்பிட்ட கை. புஸ்.

---

மாலையில்_மழை

மல்லிச்செடி அக்காவின் பிரச்சினைக்கு எனக்கு ஒரு யோசனை. அந்த அமெரிக்க மருத்துவர் மாதிரி கையைப் பிரித்துக்கொண்டால் என்ன? பெரியவளுக்கு வலது கை, சின்னவனுக்கு இடது கை.

---

வட்டக்கச்சி

நல்ல யோசனைதான், ஆனா ஒற்றைக் கையால நாவூறு கழிச்சா அம்மம்மா எனக்கே செத்தல் மிளகாய் சுத்துவா.

---

மல்லிச்செடி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. பிசியோ_தம்பி சொன்ன எவர்சில்வர் தட்டை அடுக்களையில் ஈரத்தோடு ஒட்டி வைத்துச் சின்னவனுக்குப் பிரித்துக் காட்டினேன். புரிந்துகொண்டான். புரிந்தாலும் அவனுக்குச் சத்தம் வேண்டும், அது வேறு விஷயம்.

மாமியாரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "அத்தை, ஒரு தடவை நெட்டி விழுந்தா அடுத்தது விழ இருபது நிமிசம் ஆகுமாம், ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? கை ஆறணும்ல. எனக்கு நாலு, என் ஓரகத்திக்கு மூணு. திருவிழாவுக்குப் போயிட்டு வந்தா ஏழும் வரிசையா நிக்கும். நான் நாலு பேருக்கு வழிப்பேன், அவ மூணு பேருக்கு வழிப்பா. அப்பவும் கடைசியா நிக்கறதுக்கு விழாது. அதை மட்டும் போய்க் கைகால் கழுவிட்டு வாம்போம். அது வர்றதுக்குள்ள விழுந்துரும்."

"அப்ப அன்னிக்கு இவனை ஏன் அப்படிச் சொல்லலை?"

"கல்யாணச் சாப்பாடு, தூக்கம் சொக்குச்சு. மறந்துட்டேன்."

நேற்று ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தோம். வாசலில் முதலில் சின்னவனை நிறுத்தினார். முகத்தை வழித்து நெற்றிப்பொட்டில் அழுத்த, ஆறு. அவனே விரல்விட்டு எண்ணினான். பெரியவளிடம் "நீ போய்க் குளிச்சுட்டுத் துணி மாத்திட்டு வா" என்றார். அவள் குளித்து, தலை துவட்டி, முக்கால் மணி நேரம் கழித்து வந்து நின்றாள். ஐந்து.

இப்போது சண்டை அந்த ஒரு நெட்டிக்கு.